தங்கைக்காக பெங்களூருவில் தமிழ் பேசும் கவுன்சிலர் தேடும் அண்ணனுக்கு

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். ராமமூர்த்தி நகரில் அம்மாவுடன் இருக்கிறீர்கள். தங்கைக்கு 19 வயது, பொறியியல் இரண்டாம் ஆண்டு. இரண்டு மாதம் முன்பு விடுதியைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் வகுப்புக்குப் போகவில்லை, விடியற்காலையில்தான் தூங்குகிறாள், சாப்பாடு பாதியாகிவிட்டது, கேட்டால் எரிந்து விழுகிறாள், இல்லையென்றால் அழுகிறாள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். கோயிலுக்கு அழைத்துப் போனார், மந்திரித்துப் பார்த்தார். நிம்ஹான்ஸ் (இந்த ஊரில் இருக்கும் மத்திய அரசின் மனநல மருத்துவமனை) என்று நீங்கள் சொன்னதும் "அங்க போனா பொண்ணுக்கு எவன் மாப்பிள்ளை தருவான்" என்று அழுதுவிட்டார். கடைசியில் நீங்கள் கேட்டது ஒரு வரி: பக்கத்தில் தமிழ் பேசுகிற நல்ல கவுன்சிலர் யாராவது இருந்தால் பெயர் சொல்லுங்கள்.

அந்த ஒரு வரிக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. இது எவ்வளவு அவசரம், யாரிடம் முதலில் போவது, வர மறுக்கிறவளை எப்படி அழைத்துப் போவது, போனது வெளியே தெரிந்து அவள் வாழ்க்கையைப் பாதிக்குமா. பெயர் கேட்டீர்கள், நான் தரப்போவதில்லை. தெரியாமல் இல்லை. என்ன நடக்கிறது என்று பார்க்காமல் ஒரு பெயரைக் கொடுத்தால், மருத்துவர் பார்க்க வேண்டிய பெண்ணை நீங்கள் மாதக்கணக்கில் பேச்சு ஆலோசனைக்கு மட்டும் அழைத்துக்கொண்டு அலையக்கூடும். அப்படி அலைந்து களைத்துப் போய் வந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் மனநல சமூகப் பணியில் பயிற்சி பெற்றவன், இதே ஊரில் பல வருடங்கள் மருத்துவமனை வேலை, இப்போது பெரும்பாலும் கல்லூரி மாணவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும். மருத்துவர் இல்லை. உங்கள் தங்கைக்கு என்ன என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது, மருத்துவராலும் கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியிருப்பது மனச்சோர்வாக இருக்கலாம், விடுதியில் நடந்த ஏதோ ஒன்றின் பின்விளைவாக இருக்கலாம், தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட இப்படியே முகம் காட்டும். ஆனால் இரண்டு மாதமாகத் தூக்கம், சாப்பாடு, படிப்பு மூன்றும் ஒன்றாகக் குலைந்திருக்கின்றன என்றால் யாராவது பயிற்சி பெற்றவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள், இன்றைக்கே. தங்கையிடம் நேராகக் கேளுங்கள்: "வாழவே பிடிக்கலைன்னு தோணுதா? செத்துடலாம்னு நினைப்பு வருதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லா வீட்டிலும் பயப்படுவார்கள். விதைக்காது, இது ஆராய்ச்சியில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். அந்த எண்ணம் இருப்பவர்களுக்கு யாரோ ஒருவர் பதறாமல் கேட்டதே பெரிய ஆறுதலாக இருக்கும். கேட்கும்போது உங்கள் முகம் கோணாமல் இருக்க வேண்டும், "அப்படியெல்லாம் பேசாதே, அம்மாவை நினைச்சுப் பாத்தியா" என்று உடனே ஆரம்பிக்கக் கூடாது. ஆமாம் என்று சொன்னால், அதிலும் எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால், அவளைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் விஷப் பொருள்களையும் எடுத்துப் பூட்டுங்கள், அன்றைக்கே அழைத்துப் போங்கள். நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவு இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கிறது, முன்பதிவு தேவையில்லை.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாராவது ஏற்கெனவே எதையாவது விழுங்கிவிட்டால் அல்லது காயப்படுத்திக்கொண்டுவிட்டால் முதலில் போக வேண்டியது மனநல மருத்துவமனைக்கு அல்ல, பக்கத்தில் இருக்கும் பெரிய பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு. 108க்கு அழைக்கலாம். உடம்பு தேறிய பிறகுதான் மனநல மருத்துவர். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சின்ன நர்சிங் ஹோமில் மறைத்து வைத்துப் பார்ப்பதால் மணிக்கணக்கு வீணாகிறது. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் கொடுக்கும், அது நடைமுறை. ஆனால் 2017ஆம் வருட மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது, சிகிச்சை தரும் கடமையை அரசின் மேல் வைக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த 309ஆவது பிரிவு 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லவே இல்லை.

அதேபோல, யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்கிறாள், எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நம்புகிறாள், அல்லது நாள்கணக்கில் தூங்காமல் சோர்வே இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறாள் என்றால் கவுன்சிலர் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம், நேராக மனநல மருத்துவர். இவை எதுவும் இல்லையென்றால் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, ஒரு வாரம் பத்து நாள். அதற்குமேல் தள்ளாதீர்கள்.

அந்த அவகாசத்தில் முதல் படியாக நான் சொல்வது 14416. டெலி மனாஸ் என்று பெயர், மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கியது, இதை நாடு முழுக்க வழிநடத்துவது நிம்ஹான்ஸ்தான். இலவசம், 24 மணி நேரமும். எடுத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தமிழ் உண்டு. முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர், தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் இணைத்துவிடுவார், உங்கள் பகுதியில் நேரில் பார்க்க எங்கே போகலாம் என்றும் சொல்வார். பாதிக்கப்பட்டவர்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. உங்கள் அம்மாவே கூப்பிடலாம், நீங்கள் கூப்பிடலாம், தங்கைக்குத் தெரியாமலே "என் வீட்டில் இப்படி, நான் எப்படிப் பேசுவது" என்று கேட்கலாம். இதிலிருந்து என்ன எதிர்பார்க்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன்: ஒரே ஆள் வாராவாரம் தொடர்ந்து பேசும் சிகிச்சை அங்கே நடக்காது. வழி சொல்லும், பதற்றத்தைத் தணிக்கும், அவசரம் எவ்வளவு என்று எடைபோட உதவும். உங்கள் அம்மா மாதிரி மருத்துவமனை வாசலையே மிதிக்க மாட்டேன் என்பவர்களுக்கு வீட்டுக்குள்ளிருந்தே தமிழில் ஒரு நிபுணரின் குரலைக் கேட்பது பெரிய விஷயம். அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

இப்போது யாரிடம் போவது. வெளியில் போர்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே வேலை செய்பவர்கள் இல்லை. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர், மருந்து எழுத முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து தர மாட்டார், பேச்சு வழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் அவருடைய வேலை, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் அவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. எண் என்று கேட்டால் நல்லவர்கள் முகம் சுளிக்காமல் சொல்வார்கள், கவுன்சிலின் இணையதளத்திலும் தேடிப் பார்க்கலாம். எங்களைப் போன்ற மனநல சமூகப் பணியாளர்கள் குடும்பம், கல்லூரி, வேலை, அரசு உதவி என்று நோயாளியைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றோடும் வேலை செய்கிறவர்கள். கவுன்சிலர் என்ற சொல்லுக்கு மட்டும்தான் கறாரான காவல் கிடையாது. முறையாக இரண்டு வருடம் படித்து மூத்தவர்களின் மேற்பார்வையில் பழகியவரும் அதே பெயர்தான் போட்டுக்கொள்கிறார், வாரக்கடைசி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் அதே பெயர்தான். நல்ல கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், சிலரோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறேன், மதிக்கிறேன். ஆனால் என்ன படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் இருக்கிறீர்கள், மருந்து தேவை என்று தோன்றினால் எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள் என்ற மூன்றையும் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். இத்தனை அமர்வில் குணமாக்கித் தருகிறேன் என்று உறுதி கொடுப்பவர், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், உங்கள் தங்கையிடம் தனியாகப் பேச நேரமே ஒதுக்காமல் உங்களிடமே எல்லாவற்றையும் கேட்டு முடிவு சொல்பவர், இவர்களிடமிருந்து அப்படியே எழுந்து வந்துவிடலாம்.

உங்கள் தங்கை விஷயத்தில் என் கருத்து: முதல் சந்திப்பு மனநல மருத்துவரோடு இருக்கட்டும். மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்பதற்காக இல்லை. உடம்பில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மாதிரி ரத்தப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்து, பேச்சுச் சிகிச்சை மட்டும் போதுமா, மருந்தும் சேர வேண்டுமா என்று பிரித்துச் சொல்ல அவரால்தான் முடியும். அதற்குப் பிறகு வாராவாரம் போவது சைக்காலஜிஸ்டிடம் இருக்கலாம்.

நிம்ஹான்ஸ் என்றால் அம்மா அழுகிறார் என்றீர்கள். தப்பே சொல்ல மாட்டேன், நம் ஊர்ப்பக்கம் கீழ்ப்பாக்கம் என்ற பெயரை வசவாகப் பயன்படுத்திய தலைமுறை அது. அவரிடம் வாதாட வேண்டாம், அங்கே என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லுங்கள். ஓசூர் ரோட்டில் இருக்கும் புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போய்ப் பதிவு செய்கிறீர்கள், கட்டணம் சொற்பம். முதலில் ஒரு மருத்துவர் சுருக்கமாகப் பேசிப் பார்க்கிறார். தேவைப்பட்டால் விரிவாகப் பேச நேரம் ஒதுக்குகிறார்கள், அது இன்னொரு நாளாகவும் இருக்கலாம். பேசி முடித்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறீர்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் வந்துவிட்டுப் போகிறவர்கள். கூட்டம் இருக்கும், அரை நாளுக்கு மேல் ஆகும், தண்ணீரும் சாப்பாடும் கையில் எடுத்துப் போங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அந்த வரிசையில் எப்போதும் இருக்கும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு தமிழில் பேச ஆரம்பித்துவிட்டால் பாதி பயம் போய்விடும். இதை நான் திரும்பத் திரும்பக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் அந்தப் பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முதல் படியை நிறுவனத்தின் பெயருக்காகத் தவற விடக் கூடாது. பொது மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. உங்களுக்குப் பக்கம் சிவாஜிநகர் பவுரிங் மருத்துவமனை, பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், அந்தப் பகுதி முழுக்கத் தமிழ் புழங்கும் இடம். விக்டோரியாவில் இருக்கிறது, கோரமங்களா செயின்ட் ஜான்ஸில் இருக்கிறது. காய்ச்சலுக்கும் கால் வலிக்கும் வருகிறவர்கள் நுழைகிற அதே வாசலில்தான் நீங்களும் நுழைகிறீர்கள், சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால்கூடச் சொல்ல ஒன்றும் இல்லை. பி.டி.எம். லேஅவுட்டில் நிம்ஹான்ஸே நடத்தும் நலவாழ்வு மையம் ஒன்று உண்டு, மருத்துவமனைச் சாயலே இருக்காது. கடுமையான நோய்க்கானது இல்லை, மன அழுத்தம், படிப்புச் சிக்கல், உறவுச் சிக்கல் என்று வருகிறவர்களுக்கானது, முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். உங்களுக்கு வேலையிடத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அம்மாவும் தங்கையும் உங்கள் அட்டையில் சேருவார்களா என்று விசாரித்துவிடுங்கள், இந்திராநகரிலும் ராஜாஜிநகரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. தனியாரிடம் இந்த ஊரில் ஒரு அமர்வுக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் சாதாரணமாகப் போய்விடுகிறது, வாராவாரம் என்று கணக்குப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். நான்கு அமர்வோடு பணம் தீர்ந்து நிற்பதைவிட அரசு மருத்துவமனையில் ஒரு வருடம் தொடர்வது எவ்வளவோ மேல்.

தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி, அதை ஆடம்பரமாக யாராவது பேசினால் காதில் வாங்காதீர்கள். உங்கள் தங்கை இங்கிலீஷிலோ கன்னடத்திலோ சமாளித்துவிடுவாள். ஆனால் அவளுடைய சின்ன வயது எப்படி இருந்தது, தூக்கம் எப்போது கெட ஆரம்பித்தது, வீட்டில் முன்பு யாருக்காவது இப்படி இருந்ததா என்றெல்லாம் அம்மாவிடமிருந்துதான் வர வேண்டும், மருத்துவர் சொல்வது அம்மாவுக்கும் நேராகப் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்கு வந்ததும் மாத்திரைக் கவர் குப்பைக்குப் போகும். பதிவு செய்யும் இடத்திலேயே "அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், தமிழ் தெரிந்த டாக்டர் அல்லது சோஷியல் ஒர்க்கர் இருந்தால் நல்லது" என்று கேளுங்கள். இந்த ஊரின் பெரிய மருத்துவமனைகளில் தமிழ் தெரிந்த மருத்துவர்களும் நர்ஸ்களும் எப்போதும் இருக்கிறார்கள், கேட்டால்தான் தேடுவார்கள். நீங்களே மொழிபெயர்ப்பாளராக உட்காருவதை மட்டும் கூடுமானவரை தவிருங்கள். அண்ணன் காதுக்கு வரக் கூடாத ஏதோ ஒன்று விடுதியில் நடந்திருக்கலாம், நீங்கள் அறையில் இருந்தால் அது வெளியே வரவே வராது. நேரில் யாரும் அமையவில்லை என்றால் சென்னை, கோவையில் இருக்கும் ஆர்.சி.ஐ. பதிவு பெற்ற சைக்காலஜிஸ்டுகள் வீடியோவில் தமிழில் பார்க்கிறார்கள். மிதமான சிக்கல்களுக்கு வீடியோ அமர்வும் உதவுகிறது என்பது இப்போது ஓரளவு தெளிவாகவே தெரிந்த விஷயம், ஆனால் உங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேச அவளுக்கு ஓர் அறை வேண்டும். அம்மா அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பயனில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவருக்கு வீடியோ மட்டும் போதாது, இதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரியை மறந்துவிடாதீர்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஒன்றில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் எந்தக் கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஒரு கவுன்சிலரையோ சைக்காலஜிஸ்டையோ சமூகப் பணியாளரையோ வைத்திருக்க வேண்டும், சின்ன நிறுவனங்கள் வெளியே ஒருவரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும், உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் தங்கையின் கல்லூரியில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்று விசாரியுங்கள். காகிதத்தில் மட்டும் ஆள் இருக்கும் இடங்களும் உண்டு. கல்லூரி கவுன்சிலரைப் பார்ப்பதாக இருந்தால் தங்கை முதலிலேயே ஒன்று கேட்டுவிடட்டும்: "நான் சொல்வதில் எது துறைத் தலைவர்வரைக்கும் போகும்?" அவர் கல்லூரியிடம் சம்பளம் வாங்குகிறவர், இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் தருகிறாரா மழுப்புகிறாரா என்பதிலேயே அவரைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். வருகைப் பதிவு போய்விடும், ஒரு வருடம் வீணாகிவிடும் என்ற பயம்தான் பல பிள்ளைகளை இன்னும் கீழே இழுக்கிறது. மருத்துவச் சான்றோடு விடுப்புக் கேட்டு இப்போதே எழுதிக் கொடுங்கள், செமஸ்டர் முடிந்த பிறகு ஓடினால் கேட்க ஆளிருக்காது. சான்றில் நோயின் பெயரை எழுதாமல் "சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை" என்று தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள். கல்லூரியை மாற்றலாமா, படிப்பையே மாற்றலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அவள் தூக்கமும் சாப்பாடும் திரும்பும்வரை அந்த முடிவைத் தள்ளி வையுங்கள் என்பது என் அபிப்பிராயம், அபிப்பிராயம் மட்டும்தான்.

வெளியே தெரிந்துவிடுமா என்பதற்கு வருகிறேன். அதே 2017 சட்டம், 2018லிருந்து நடைமுறையில் இருக்கிறது, அதன் 23ஆவது பிரிவின்படி சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைப்பது மருத்துவமனையின் கடமை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு மாதிரி சில விலக்குகள் உண்டு. கல்லூரிக்கோ வேலை கொடுக்கிறவருக்கோ வரப்போகும் சம்பந்திக்கோ யாரும் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. இதன் மறுபக்கமும் உங்களுக்குத் தெரிய வேண்டும்: 19 வயது என்றால் அவள் பெரியவள், அவள் மருத்துவரிடம் சொல்வதை உங்களிடமும் மருத்துவர் அப்படியே சொல்ல மாட்டார். கோபப்படாதீர்கள், அந்த நம்பிக்கையில்தான் அவள் பேசுவாள். நீங்கள் கவனித்ததை மருத்துவரிடம் சொல்லத் தடையில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று, 18 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை பாலியல் கொடுமை நடந்ததாகச் சொன்னால் அதை ரகசியமாக வைக்க எங்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை, போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். காப்பீட்டைப் பொறுத்தவரை மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே அடிப்படையில் காப்பீடு தர வேண்டும் என்று அந்த மனநலச் சட்டமே சொல்கிறது, ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், வாராந்திர அமர்வுக்குத் தராது. கல்யாணப் பேச்சுக்கு என்னிடம் சட்டப் பதில் இல்லை. சிகிச்சை எடுத்துத் தேறி, படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து நன்றாக இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். வீட்டில் மறைத்து வைத்து, வருடங்கள் ஓடி, கல்யாணத்துக்குப் பிறகு முற்றிப்போய் வந்தவர்களையும் தெரியும். அம்மாவிடம் இதைச் சொல்லலாம்.

அவளை எப்படி அழைத்துப் போவது என்பதுதான் உங்களுக்கு இப்போது மலைபோல நிற்கும். பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். பல் வலிக்குப் போகிறோம், அக்கா வீட்டுக்குப் போகிறோம் என்று ஏமாற்றி மனநல மருத்துவர் அறையில் உட்கார வைத்தால் முதல் சந்திப்பு நடந்துவிடும், இரண்டாவது நடக்காது. "உனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று ஆரம்பிப்பதைவிட நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்: "ராத்திரி மூணு மணிக்கு உன் ரூம்ல லைட் எரியுது, சாப்பாட்டைத் தொடவே மாட்டேங்குற, எனக்குக் கவலையா இருக்கு. தூக்கத்துக்காகவாவது ஒரு தடவை டாக்டரைப் பாப்போமா?" தூக்கம் என்ற கதவு வழியாக வர நிறையப் பேர் சம்மதிக்கிறார்கள், அதில் பொய்யும் இல்லை, தூக்கம் நிஜமாகவே கெட்டிருக்கிறது. ஆண் டாக்டரா பெண் டாக்டரா, எந்தக் கிழமை, கூட அம்மா வரட்டுமா நீங்கள் வரட்டுமா என்பதையெல்லாம் அவளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். மறுத்தால் ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள். அதற்குள் நீங்களும் அம்மாவும் மட்டும் போய் ஒரு சமூகப் பணியாளரைப் பாருங்கள், நோயாளி வராமலே குடும்பம் மட்டும் ஆலோசனைக்கு வருவது எங்களுக்குப் பழக்கமானது.

கோயிலையும் மந்திரிப்பையும் வைத்து அம்மாவோடு சண்டை போடாதீர்கள். ஏர்வாடி தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாடு வந்திருக்கிறது என்று சொல்லுங்கள், வேண்டுதலும் மருந்தும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. அடிப்பது, கட்டி வைப்பது, பட்டினி போடுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது என்று யார் ஆரம்பித்தாலும் அங்கிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள், தமிழர்கள் யாருக்கும் அது மறக்கக் கூடாது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது இப்போது சட்டப்படியே குற்றம்.

மருந்து எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம், எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், குமட்டல், தலைவலி மாதிரி தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வரும். பலன் வருவதற்கு முன்னால் தொந்தரவு வருவதால்தான் பலர் பத்தாம் நாள் தூக்கிப் போடுகிறார்கள். இந்த வயதில் ஆரம்ப வாரங்களில் சிலருக்கு அமைதியின்மையும் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு, அதனால் அந்த நாள்களில் பக்கத்தில் இருங்கள், மாறுதல் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை அம்மா கையில் வைத்துக் கொடுக்கட்டும். தேறிய பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும், தானாக நிறுத்தக் கூடாது. பழக்கமாகிவிடும், அடிமையாகிவிடுவாள் என்று தெருவில் சொல்வது இந்த வகை மருந்துக்குப் பொருந்தாது. தூக்க மாத்திரைகளில் சிலவற்றுக்கு அந்த ஆபத்து உண்டு, அதனால் எது எதற்கு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சுச் சிகிச்சையில் மூன்று நான்கு அமர்வு போயும் அந்த ஆளோடு அவளுக்கு ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றலாம், சிகிச்சையை விட வேண்டாம். செல்போன்தான் காரணம் என்று அம்மா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இரவெல்லாம் தூங்க முடியாமல் போனை நோண்டுகிறாளா, போனால் தூக்கம் போனதா என்பதை வெளியிலிருந்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிடுங்கி வைக்காதீர்கள், அவள் இப்போது பேசுகிற ஒன்றிரண்டு தோழிகளும் அதற்குள்தான் இருப்பார்கள்.

மருத்துவமனைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போதிலிருந்து, முதலில் என்ன மாறியது, இதற்கு முன் ஏதாவது நோய், இப்போது சாப்பிடும் மருந்துகள், வீட்டில் வேறு யாருக்காவது மனநோயோ தற்கொலையோ நடந்திருக்கிறதா. அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள், சொந்தத்தில் யாரும் பேசாத ஒரு பெயர் அப்போது வெளியே வரும், பெரும்பாலும் வரும். பழைய சீட்டு, பரிசோதனை முடிவு, ஆதார், ரேஷன் அட்டை எடுத்துப் போங்கள், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு இடங்களில் சலுகை உண்டு. அவள் மறுத்தாலோ, மருத்துவர் சொன்னது புரியாமல் போனாலோ இதே இடத்தில் மறுபடி எழுதுங்கள், பார்த்துப் பதில் சொல்கிறேன். எழுதும்போது அவள் பெயரையோ கல்லூரிப் பெயரையோ போட வேண்டாம், போன முறை விடுதியின் பெயர் அப்படியே இருக்கிறது, முடிந்தால் அதை இப்போதே அழித்துவிடுங்கள்.